மஞ்சள் டேப்

மஞ்சள் டேப் சுற்றிய அந்த அடாப்டரைப் பார்த்ததுமே தம்ரு டாக்சியை விட்டு இறங்கி ஓடினார். எவனோ ஒருத்தனின் வெள்ளை டாக்சியில் அது செருகியிருந்தது. அவன் பாட்டுக்கு வண்டியில் சாய்ந்து வறுத்த பார்லியைக் கொறித்துக்கொண்டிருந்தான்.

"டேய், எங்கேருந்துடா எடுத்தே இதை?"

தம்ருவின் டாக்சியும் சீனாவில் செய்த மின்சார வண்டிதான். அடிஸ் அபாபாவில் இந்தச் சார்ஜிங் நிலையத்து பிளக் அதன் வாய்க்குள் போகாது. நடுவில் அடாப்டர் இருந்தால் கரண்ட் ஏறும், இல்லாவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

"இங்கதான் கிடைச்சுது, காஷே." பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதைக்குக் குறைச்சலில்லை. "மூணு நாள் முன்னாடி நாலாம் மெஷின்ல தொங்கிட்டிருந்தது. யாரோ பிளக்கை வண்டியிலேருந்து பிடுங்கித் திரும்ப மெஷின்ல மாட்டும்போது அடாப்டரையும் சேர்த்து மாட்டிட்டுப் போயிட்டாங்க."

"அந்த யாரோ நான்தான்டா! தொங்கினா எடுத்துக்குவியா? மனுஷனாப் பொறந்தவன் ஆபீஸ்ல கொடுத்துட்டுல்ல போவான்?"

"சரியாச் சொன்னீங்க," என்றான் அவன். பார்லியை மெல்வதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்த மெல்லல்தான் தம்ருவுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. அடாப்டரைப் பிடித்து இழுத்தார். சார்ஜ் ஏறும்போது வண்டி அதைக் கவ்விக்கொள்ளும், வண்டிக்காரன் சாவியை அமுக்கினால்தான் விடும். இழுத்த இழுப்பில் வண்டிதான் ஆடியது.

வரிசையில் நின்ற டிரைவர்கள் இறங்கி வந்தார்கள். "விடுங்க காஷே, நல்ல பையன். மூணு நாளா அடாப்டர் இல்லாதவங்களுக்கெல்லாம் இதைத்தான் கொடுத்து உதவுறான்."

"திருட்டுப் பொருள்ல தர்மமா? தூ!" தம்ரு அவன் செருப்புக்குப் பக்கத்தில் துப்பினார். "இவன் கையால நீங்க காப்பி வாங்கிக் குடிப்பீங்களாய்யா? கேக்கவே கூசுது. மூணு நாளா என் டாக்சி வாசல்ல கிடக்கு. வீட்டுல இன்ஜெரா ரொட்டிக்கு மிளகாப்பொடி தொட்டுத் தின்னுட்டிருக்கோம். கடையில புது அடாப்டர் கேட்டா கப்பல் வரட்டும்கிறான்!"

"மூணு நாள்தானா, காஷே?"

"கொழுப்பைப் பாத்தீங்களா இவனுக்கு!"

கூட்டத்துக்கும் அது பிடிக்கவில்லை. இதுவரை பரிந்து பேசியவர்கள் ஒரு அடி தள்ளி நின்றார்கள். நல்லவன் பட்டம் மூன்று நாளில் கிடைக்கும், மூன்று வார்த்தையில் போய்விடும்.

"பேர் என்னடா உன் பேரு? சொல்லு, போலீஸ்ல எழுதிக் கொடுக்கறேன்."

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "பேர் அப்புறம் சொல்றேன். முதல்ல இது உங்களுதுன்னு என்ன அடையாளம்?"

"பேர் சொல்லவே நாக்கு வரலை பாருங்க! டேப்தான்டா அடையாளம். வாங்கின அன்னைக்கே ஓரத்துல கீறல் விட்டிருந்தது. நானே உக்காந்து எட்டுச் சுத்து சுத்தினேன்."

"வேற யாரும் சுத்தலையே?"

"மாதா மேல சத்தியமா இந்தக் கைதான் சுத்துச்சு!" ஞானஸ்நானத்தில் கட்டி, கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அந்தக் கயிற்றைத் தொட்டுச் சொன்ன பிறகு யார் மறுத்துப் பேசுவார்கள்?

நிலையத்துப் பொறுப்பாளர் ஜெனெபு சத்தம் கேட்டு வெளியே வந்தாள். வெள்ளை டாக்சிக்காரன் சாவியை அமுக்கி, அடாப்டரைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். "யாராவது வந்து என்னுதுன்னு கேக்கட்டும்னுதான் அக்கா, இந்த டேப்பைக்கூடப் பிரிக்காம வெச்சிருந்தேன். வந்துட்டார். எட்டுச் சுத்தான்னு எண்ணிப் பாத்துக்குங்க."

தம்ருவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கொடும்மா, கொடு. நாலு சதவீத சார்ஜோட வந்திருக்கேன்."

"இருங்க காஷே. கீறல்னு சொன்னீங்களே? உடைஞ்ச அடாப்டரை நம்ம மெஷின்ல போடக் கூடாது. பொறி பறந்து வண்டியே எரிஞ்சுடும். டேப்பைப் பிரிச்சுப் பாத்துட்டுத் தர்றேன்."

"அதெல்லாம் எதுக்கு? சின்னக் கீறல்தான். நான் வேற இடத்துல போட்டுக்கறேன், கொடு."

அவர் கை நீள்வதற்குள் அவள் நகத்தால் நுனியைக் கிளப்பிவிட்டாள். டேப் சர்ரென்று பிரிந்து வந்தது. எட்டுச் சுற்று சரியாக இருந்தது.

கீறல் மட்டும் இல்லை. கறுப்பு ஓட்டில், பழுக்கக் காய்ச்சிய ஆணியால் யாரோ எழுத்துப் பொறித்திருந்தார்கள். அதை அழிக்க அரம் போட்டு ராவிய தடமும் இருந்தது, பாதியில் விட்டிருந்தது.

ஜெனெபு வெயிலுக்குத் திருப்பிப் படித்தாள். "யிர்கா." நிமிர்ந்து பார்த்தாள். "உங்க பேர் தம்ரு இல்ல?"

தம்ரு கழுத்துக் கயிற்றை விட்டார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். ஒருத்தன் காறி, அவர் செருப்புக்குப் பக்கத்தில் துப்பினான்.

வெள்ளை டாக்சிக்காரன் கையிலிருந்த பார்லித் தூளைத் தட்டிவிட்டான்.

"என் டாக்சி ரெண்டு மாசம் வாசல்ல கிடந்துச்சு, காஷே. பேர் கேட்டீங்களே, யிர்கா நான்தான்."