விட்டுவைத்த ஒன்று

"அந்த ஒண்ணை மட்டும் அழிக்காதீங்க சார்." கலைவாணி போனில் கெஞ்சினாள். பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த மாமியார் நாகம்மாளின் கை நின்றது.

பசியாவரம் மீனவக் குப்பத்தில் இருந்தபடியே கலைவாணி வேலை பார்க்கும் கம்பெனி, மீன்பிடிப் படகுகளுக்குப் போனில் காற்று நிலவரம் சொல்லிவந்தது. இப்போது அந்தத் திட்டத்தை மூடுகிறார்கள். க்ளவுடில் உள்ள சர்வர்கள், பேச்சுப் பதிவுகள் எல்லாம் ஒரே கட்டளையில் அழிந்துவிடும். எதன்மேல் 'விட்டுவை' என்று குறித்திருக்கிறதோ, அது மட்டும் தப்பும்.

"எது?" சென்னையிலிருந்து மேலாளர் தேவதாஸ் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் போன அன்னிக்குப் பதிவான பேச்சு சார்."

முகத்துவாரம் தாண்டிப் போன முரளியின் படகு சூறைக்காற்றில் கவிழ்ந்தது. கூடப் போனவர்களும் திரும்பவில்லை. 'நாங்கள் எச்சரித்தோம், முரளிதான் கேட்கவில்லை' என்று கம்பெனி விசாரணையில் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து கூடப் போனவர்களின் வீட்டார் யாரும் நாகம்மாளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தேவதாஸின் குரல் இளகியது. "புரியுதும்மா. புருஷன் குரலாச்சே. நகல் எடுக்கத்தான் கூடாது, அசல் அங்கயே இருக்கட்டும். அதைக் கேக்க உன் அனுமதியை மட்டும் வச்சுக்க. மத்தது ஒண்ணும் மிஞ்சக் கூடாது, என் அனுமதி உட்பட."

படகிலிருந்து பேசியவர்களின் குரல் ஒரு கிடங்கில் இருந்தது. கம்பெனியிலிருந்து பேசியவர்களின் குரல் இன்னொன்றில். கலைவாணி இரண்டாவதன்மேல் 'விட்டுவை' என்று எழுதினாள். பிறகு கட்டளையைத் தட்டினாள்.

திரையில் ஒவ்வொன்றாக மறைந்தன. படகுக்காரர்களின் குரல் இருந்த கிடங்கு மறைந்தபோது அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"இன்னாடி ஆச்சு? எம் புள்ள பேசுனது இருக்குதா?" நாகம்மாள் அவள் தோளை உலுக்கினாள். கலைவாணி அந்த ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?" என்றார் தேவதாஸ்.

"முடிஞ்சுது சார். இனி யாராலயும் உள்ள போய் எதையும் தொட முடியாது."

அந்தப் பக்கம் நிம்மதியாக ஒரு பெருமூச்சு. "நல்லது. முரளியோட குரல் பத்திரமா இருக்கில்ல?"

"அது போயிடுச்சு சார். 'காத்தெல்லாம் இல்ல, தைரியமா போ'னு அவருக்கு நீங்க சொன்னதுதான் இருக்கு."