ஜெசிந்தா எதிர் எட்வின்

"ஜெசிந்தா எதிர் எட்வின் தீர்ப்ப ரத்து பண்ண முடியுமாம்மா?"

செங்கல்பட்டு கோர்ட் வாசலில் அந்த அம்மாள் கேட்டதும் வக்கீல் வத்சலா நிமிர்ந்து பார்த்தாள். சற்று முன்புதான் அந்தத் தீர்ப்பைக் காட்டி, மகன் துரத்திவிட்ட ஒரு தாய்க்கு வீட்டை மீட்டுக் கொடுத்திருந்தாள்.

"ஐகோர்ட் தீர்ப்பும்மா அது. இதே மாதிரி கேஸ் எது வந்தாலும் கீழ் கோர்ட்டெல்லாம் அதைத்தான் பின்பத்தணும்."

"எத்தினி நாளிக்கு?"

"சுப்ரீம் கோர்ட் மாத்துற வரைக்கும். நான் செத்தாலும் வேற வக்கீல் சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

அந்த அம்மாளின் முகம் வாடியது.

வத்சலாவின் குரல் கறாரானது. "யாரோட வீட்டைப் பிடுங்கி வெச்சிருக்கீங்க?"

"வூடெல்லாம் இல்லம்மா. நான்தான் ஜெசிந்தா. எட்வின் எம் புள்ள."

"நீங்கதானே ஜெயிச்சீங்க?"

"ஜெயிச்சேன். அப்பால சமாதானமாயி, எங்கையால சோறு துன்னுகினு இருந்தான். சுனாமில பூட்டான். எனக்கு வேற யாரும் இல்ல. இங்க அவன் பேர சொல்றாங்கன்னு மகாபலிபுரத்துலேர்ந்து பஸ் புடிச்சு வந்து குந்தி கேப்பேன். ஆனா ஒவ்வொரு வாட்டியும் நான் அவனுக்கு எதிர்னே சொல்றீங்களேம்மா..."

அடுத்த வாரம் இன்னொரு வழக்கில் அதே தீர்ப்பைக் காட்டும்போது, வத்சலா அதன் வருடத்தையும் எண்ணையும் மட்டும் சொன்னாள்.

"கேஸ் பேரு என்ன?" என்றார் நீதிபதி.

கடைசி பெஞ்சில் ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.