நாலாம் இடத்தைத் தாண்டியவள்

நூறு மீற்றர் ஓடி முடித்த அவுஸ்திரேலியக்காரி துர்க்கா, ரொறன்ரோ மைதானத்தின் சிவப்புத் தடத்தில் முழங்கால்களைப் பிடித்தபடி குனிந்து நிற்கிறாள். மாலை வெயில் முதுகில் சுடுகிறது. வயது முப்பத்துமூன்று. இரண்டு முறை தொடைத்தசை கிழிந்தவள்; பன்னிரண்டு ஆண்டுகளாக எந்தப் பெரிய போட்டியிலும் நாலாம் இடத்தைத் தாண்டாதவள். இதுதான் கடைசி ஓட்டம் என்று காலையில்தான் பயிற்சியாளரிடம் சொன்னாள். கறுத்துக் கிடந்த முடிவுப் பலகையில் இப்போது எழுத்துகள் ஒளிர்கின்றன. அவள் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால், பக்கத்து நகரான அஜக்ஸிலிருந்து வந்த சித்தி ஜெயமலர் கம்பியை இறுகப் பிடித்திருக்கிறார்.

“நிமிந்து பார், பிள்ளை. உன்ரை பேர் கிடக்கு.”

“எத்தினையாவது, சித்தி?”

“எல்லாருக்கும் மேலை.”

அரங்கு எழுந்து நின்று கைதட்டுகிறது. துர்க்கா மெல்ல நிமிர்கிறாள், பலகையை இருமுறை வாசிக்கிறாள், பிறகு மறுபடியும் ஓடுகிறாள், இம்முறை யாரையும் முந்த வேண்டியதில்லாமல்.