மறைந்த வயர்

"சுவத்துல ஒரு வயர்கூட வெளிய தெரியக் கூடாதுலே," என்று வயர்மேன் மணிராஜிடம் கறாராகச் சொல்லியிருந்தார் குமரகுருபரன்.

பழைய வீட்டைப் புதுப்பித்து, பெயின்ட்டும் அடித்தாயிற்று. இன்டர்நெட் கேபிள் சுவருக்குள் மறைந்துவிட்டது. ஆனால் தடித்த சுவர்களைத் தாண்டி ஹாலுக்கு வைஃபை வரவில்லை. அடுப்படியில் மட்டும் பறந்தது.

"மோடத்த எதுக்குலே அங்கன வச்ச?"

"கேபிள் அங்கனதான் முடியுது அண்ணாச்சி. மாத்தணும்னா சுவத்த உடைக்கணும்."

புதுச் சுவரை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆபீஸ் வேலைக்கு லேப்டாப்போடு அடுப்படியில் உட்கார்ந்தார்.

மனைவி விஜயஸ்ரீ சின்ன வெங்காயத் தட்டை நகர்த்தினாள். "மீட்டிங்க கேட்டுக்கிட்டே இத உரிங்க."

உரித்தார்.

அவள் கொல்லைப்புறம் போய் மணிராஜைப் போனில் அழைத்தாள்.

"நான் சொன்ன இடத்துலயே வச்சிட்டீய தம்பி! கல்யாணமாகி இருபது வருசத்துல இன்னைக்குத்தான் அவிய அடுப்படிக்குள்ள உட்கார்ந்திருக்காவ. பக்கத்து வீட்டு அக்காவும் உங்க நம்பர் கேட்காவ."