இரண்டு வயிரவன் அறநிதி

அவர் நாற்காலியில் சாயவில்லை.

வங்கியின் முப்பதாவது மாடி. கண்ணாடிக்கு வெளியே சிங்கப்பூர் ஆறு வெயிலில் கிடந்தது.

"உங்க டிரஸ்ட்டுக்கு நிறுவனப் பிரிவே கிடைச்சிடும் சார்," என்றாள் அதிகாரி யாழினி.

ஒரே முதலீட்டு நிதி. அதே பங்குகள். ஆனால் சிறு முதலீட்டாளர்களுக்கு ஒரு பிரிவு, பெரிய நிறுவனங்களுக்கு வேறு பிரிவு. பெரியவர்களிடம் கட்டணம் பாதிதான் பிடிப்பார்கள்.

அந்த மிச்சத்தில் அவருடைய அறநிதி இன்னும் ஒரு ஏழை நோயாளிக்கு ஆண்டு முழுவதும் டயாலிசிஸ் செய்யலாம். காத்திருப்பவர் ஒரு பேருந்து ஓட்டுநர். நேற்றும் அந்த ஓட்டுநரின் மனைவி வந்து ஒன்றும் கேட்காமல் நின்றுவிட்டுப் போனாள்.

நிறுவனப் பிரிவில் நுழையும் அளவுக்கு அறநிதியில் பணம் இல்லை. அது அவருக்குத் தெரியும்.

"எப்படிம்மா?"

"வயிரவன் அறநிதின்னு ரெண்டு கணக்கு இருந்துச்சு. சேர்த்துப் பார்த்தேன். குறைந்தபட்சத் தொகையைத் தாண்டிடுச்சு."

அவர் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

அப்பா பெயரில் அவர் தொடங்கியது ஒன்று. அப்பாவின் வீட்டுக்காக அவருக்கு எதிராகக் கோர்ட் படி ஏறிய தம்பி, அதே பெயரில் தொடங்கியது மற்றது. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அந்த மற்றதைப் பற்றி யார் விசாரித்தாலும் இத்தனை வருடமாக அவருக்கு ஒரே பதில்தான்.

அது நாங்கள் இல்லை.

அதைச் சொல்லத்தான் வாய் திறந்தார்.

"அது என் தம்பியோடது."

தம்பி என்ற சொல் அவர் காதுக்கே புதிதாக இருந்தது.

"ஒரே குடும்பம்னா சேர்க்கலாம் சார். ரெண்டு பேரும் நேர்ல வந்து சம்மதிக்கணும். கூப்பிட்டுக் கேக்கட்டுமா?"

சரி என்று அவர் சொல்லவில்லை.

வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவள் தம்பியின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டாள். விவரம் சொன்னாள். மறுமுனையில் ஒரு வறண்ட சிரிப்பு.

"சேர்க்கிறதா? அவர் ஒத்துக்கவே மாட்டாரும்மா. முதல்ல அவரைக் கேளுங்க."

ஏசி குளிரில் அவருக்குத் தொண்டை அரித்தது. உதட்டை இறுக்கிக்கொண்டார். முடியவில்லை. இருமிவிட்டார்.

சிரிப்பு நின்றது.

"அண்ணே."

யாழினி ஸ்பீக்கரைப் பார்த்தாள்.

"இன்னுமா அந்த இருமலுக்கு டாக்டரைப் பாக்கல?"

அவர் தொலைபேசியின் பக்கம் திரும்பவில்லை. சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு யாழினியைப் பார்த்தார்.

"இங்க கார் நிறுத்த இடம் கிடைக்காது," என்றார். "டாக்சியில வரச் சொல்லும்மா."