அங்கீகாரமில்லாத கை

பழைய காரின் எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி மோட்டாரைக் கழற்றி, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷையும் பேரிங்கையும் மாற்றிப் பூட்டினாள் மெக்கானிக் தெய்வானை. விசிறி சீராகச் சுழன்றது. ஆனால் கார் கிளம்ப மறுத்தது.

"அங்கீகாரமில்லாத கை தொட்ட மோட்டார். புதியது பொருத்தவும்" என்றது காரின் கணினிக் குரல்.

"புது மோட்டார் செய்றதையே கம்பெனிக்காரங்க நிறுத்திட்டாங்களேக்கா! அப்பாவுக்கு இன்னிக்கு டயாலிசிஸ்" என்று தவித்தான் காரின் சொந்தக்காரன் இருதயராஜ். பின்சீட்டில் அப்பா வீங்கிய கால்களோடு சாய்ந்திருந்தார்.

தெய்வானைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எஞ்சினைத் தடுத்த வயரை வெட்டியெறிந்து, நேரடியாக இணைத்துக் கிளப்பினாள்.

"சட்டவிரோதம்! புகார் பதிவாகிறது" என்று கார் அலறியது.

"பதிஞ்சுக்க. பேரு தெய்வானை. உங்க ஃபேக்டரியில பதினெட்டு வருசம் இதே மோட்டாரைப் பூட்டினவளும் நான்தான்னு சேர்த்து எழுது! தம்பி, நீ வண்டிய எடு."