வீட்டுச் சாவி

வாந்தியும் பேதியும் நின்றதென்று மலர்க்கொடி அப்பாடா என உட்கார்ந்தபோதுதான் ஒன்றரை வயது மகள் தாரணிக்கு வலிப்பு வந்தது. கைக்கு இரும்பு கொடுத்தால் அடங்குமென்று கணவன் வீட்டுச் சாவியைக் குழந்தையின் உள்ளங்கையில் திணித்தான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலிப்பு நின்ற பிறகும் அந்தப் பிடி தளரவில்லை.

"வயித்துக்கு வந்த கிருமி மூளையையும் தொட்டிருக்கும்மா. கண்ணு முழிக்கட்டும், பாப்போம்" என்றார் டாக்டர். மலர்க்கொடி தலையாட்டினாள். அழுகை வரவில்லை.

"சாவிய எடு. வீட்டுக்குப் போய் மாத்துத்துணி கொண்டாறேன்" என்றான் கணவன்.

"அவ புடிச்சிருக்கா. நீங்க பூட்ட ஒடச்சுக்கோங்க."

அவன் போனதும் சின்ன விரல்கள் தாமாகவே விரிந்தன. சாவி விரிப்பில் விழுந்தது. மலர்க்கொடி அதை எடுத்து மறுபடி வைத்து விரல்களை மடக்கினாள். மடக்க மடக்க அவை விரிந்துகொண்டே இருந்தன.